இரண்டாம் பிரேக் அக்கா

வலது கால் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறும் பாதத்தைத் தன் பக்கத்துப் பிரேக்கின்மேல் வைத்துக்கொண்டு, மடியில் வறுத்த வேர்க்கடலையைக் கொட்டிக்கொள்கிறார் அக்கா. தோலை ஊதும் சத்தம் சீராக வந்தால் நான் ஒழுங்காக ஓட்டுகிறேன் என்று பொருள். ஊதல் நின்றால் எங்கேயோ இடிக்கப் போகிறேன். கார் பழக்கும் வண்டிகளில் சொல்லிக்கொடுப்பவருக்கும் தனியாக ஒரு பிரேக் உண்டு அல்லவா? அதனால் எங்கள் குடியிருப்புக்கே அவர் ‘இரண்டாம் பிரேக் அக்கா’.

திட்டவே மாட்டார். நான் கொஞ்சம் வேகம் எடுத்தால், “ஏம்மா, அவ்வளவு அவசரம்னா பஸ்ல போயிருக்கலாமே” என்பார். அதற்குப் பதில் கன்னத்தில் இரண்டு வைத்திருக்கலாம்.

ஏனென்றால் எங்கள் புறநகரில் பஸ் என்ற பேச்சே நக்கல்தான். நகரம் வீங்கி வீங்கி இங்கே வந்து விழுந்திருக்கிறது. தெருக்களுக்கெல்லாம் பூக்களின் பெயர், தேடினாலும் ஒரு பூவைக் காணோம். சமையலறையை விடக் கார் நிறுத்தும் இடம் பெரிது. நடைபாதை போட மறந்தே போனார்கள் புண்ணியவான்கள். ஒரு கட்டுக் கொத்தமல்லிக்கு நாலு சக்கரம் உருள வேண்டும். கார் ஓட்டத் தெரியாவிட்டால் வீட்டுச் சிறைதான். அப்படி அடைந்து கிடந்து வெறுத்துப்போய்த்தான் நானும் அக்காவிடம் சேர்ந்தேன்.

அக்காவின் வீட்டிலேயே ஒரு கைதி உண்டு. அவர் கணவர் காலமெல்லாம் லாரி ஓட்டியவர். வலிப்பு வந்தபிறகு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சந்தைப் பக்கத்து டீக்கடையில் பழைய லாரிக்காரர்கள் கூடி கேரம் ஆடுவார்கள். பாவம் மனிதர் ஏங்குகிறாரே என்று அக்கா ஒருநாள் அவரை அங்கே கொண்டுபோய் இறக்கினார். எதில்? ‘பயிற்சி வாகனம்’ என்று நெற்றியில் எழுதி ஒட்டிய இதே காரில். “பரவால்லயே, இப்பவாவது ஒழுங்கா ஓட்டக் கத்துக்கப் போறான்” என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். அவ்வளவுதான், அதன்பிறகு மனிதர் வாசலைத் தாண்டவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, அடுத்த வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுப்பதில் குற்றம் கண்டுபிடிப்பதே வேலையாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் நகராட்சி எங்கள் பக்கம் ஒரு குட்டி பஸ்ஸை விட்டுப் பார்த்தது. ஆள் ஏறினால் ஓடும், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். யாரும் ஏறவில்லை. டிரைவரும் கண்டக்டரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு போய் வந்தார்கள். இனி யார் தயவும் வேண்டாம், பஸ்ஸில் போய் ஆடிவிட்டு வாருங்கள் என்று அக்கா கணவரிடம் சொன்னாராம். அவர் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

“நாளைக்கு நிறுத்திடுவான். பழகிட்டு அப்புறம் யாரு ஏங்கறது?”

இதை என்னிடம் சொல்லும்போது அக்கா கடலை ஊதுவதை நிறுத்திவிட்டார். நான் பதறிப்போய் நடுரோட்டில் பிரேக்கை மிதித்தேன்.

மறுநாளிலிருந்து பாடத்திட்டம் மாறியது. ஆரம்பம் அவரவர் வீட்டு வாசல், முடிவு சந்தை. சந்தையில் சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். “இறங்கும்மா. திரும்பிப் போறது பஸ்ல. அதுவும் பாடம்தான்” என்றார். காசு கட்டிக் கார் பழக வந்தவளைப் பஸ்ஸில் ஏற்றும் அநியாயம் உலகத்தில் எங்காவது உண்டா? அக்காவிடமே கேட்டேன். பஸ் உயரத்திலிருந்து பார்த்தால்தான் கார்க்காரர்கள் அடிக்கும் கூத்து தெரியும் என்றார். போய் ஏறினால் முன் இருக்கையில் பல் டாக்டர் அம்மா, பின்னால் டெய்லர், அதற்கும் பின்னால் வங்கிக் காசாளர். எல்லாரும் அக்காவின் சீடர்கள், எல்லார் முகத்திலும் என் கடுகடுப்பு. கூத்து என்னவோ தெரியத்தான் செய்தது. காருக்கு ஒரே ஆள், அந்த ஒரே ஆளும் நிறுத்த இடம் தேடிச் சந்தையைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

முதலில் அக்காவைத் திட்டிக்கொண்டே போனோம். அப்புறம் திட்டுவதற்காகவே சேர்ந்து உட்கார்ந்தோம். பிறகு ஊர்வம்பு. பல் டாக்டர் அம்மாவுக்கு லைசென்ஸ் வந்த பிறகும் பஸ்ஸில்தான் வருகிறார், கார் வாங்கும் பேச்சையே காணோம். பயிற்சிப் பள்ளி அக்காவின் சொந்தத் தம்பியுடையது. அவர் நொந்துபோய், “நம்ம வயித்துல நாமே அடிச்சுக்கறோம்க்கா” என்றார். அக்கா அவர் தொப்பையைப் பார்த்தார். “உன் வயிறுதானே, நாலு அடி தாங்கும்டா.”

பஸ் தொடர்ந்து ஓடலாமா என்று முடிவுசெய்ய ஓர் அதிகாரி அம்மாள் வந்து ஏறினார். வண்டி நிறைந்திருந்ததைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. சந்தை வளைவில் பஸ் சடக்கென்று நின்றது. நாங்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வலது காலைத் தரையில் ஓங்கி மிதித்தோம். பஸ்ஸே அதிர்ந்தது. என்ன செய்வது, இல்லாத பிரேக்கை மிதிக்கும் வியாதி எங்களுக்கு! ஒத்திகை பார்த்தது போல மிதிக்கிறீர்களே, யார் கூட்டி வந்த கூட்டம் இது என்று அதிகாரி அம்மாள் பேனாவை மூடினார்.

பல் டாக்டர் அம்மாதான் வாயைத் திறந்தார். “கூட்டிட்டு வந்தது நிஜந்தான் மேடம். முதல் நாள் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளாத குறை. இப்ப இறங்கச் சொன்னாலும் நாங்க இறங்கறதா இல்லை. கார் வாங்க வசதி இருக்கு. வாங்கி எங்கே நிறுத்தறது?”

அதிகாரி அம்மாள் ஜன்னல் வழியே பார்த்தார். அவரை ஏற்றிக்கொள்ள வந்த அலுவலகக் கார், இடம் கிடைக்காமல் எங்களைத் தாண்டி மறுபடியும் ஒரு வட்டம் போட்டது. பேனாவைத் திறந்தார்.

போன வாரம் நிறுத்தத்தில் நிரந்தரமாக இரும்புக் கம்பம் நட்டார்கள். அன்றைக்கே அக்காவின் கணவர் சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாராம். அக்காவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கார் நிறுத்தும் பாடம் என்று பொய் சொல்லி என்னைப் பஸ் நிறுத்தத்துக்கு ஓட்டவைத்தார். அங்கிருந்து அவர் வீடு கூப்பிடு தூரம். இருந்தாலும் வழியில் வலிப்பு வந்து விழுந்திருந்தால் என்று ஒரே புலம்பல்.

பஸ் வந்தது. கடைசியாக அவர் இறங்கினார். கைகளிலும் சட்டையிலும் வெள்ளை வெள்ளையாகக் கேரம் பவுடர். அக்கா எட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டார். அவர் கிட்டே வந்து, அக்காவைப் பார்த்து, கதவை மெல்லச் சாத்தினார். பிறகு கார்க் கூரையில் படபடவென்று இரண்டு தட்டுத் தட்டி, “போலாம், ரைட்” என்றுவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்.