அல்மூட் ரீடெல் சுருதி ஏற்றிய ஞாயிறு

லிண்டன்ராடா ஊர்த் தேவாலயத்தில் அல்மூட் ரீடெல் கான்டோராக இருந்தது முப்பத்து நான்கு ஆண்டுகள். குழாய்களில் காற்று புகுந்து ஒலிக்கும் ஆர்கன் வாசிப்பது, பாடகர் குழுவை நடத்துவது, கல்யாணத்துக்கும் சாவுக்கும் இசை கொடுப்பது எல்லாம் கான்டோர் ஒருவர் தலையில்தான். ஜெர்மனியின் துரிங்கியா வட்டாரத்தில் ஊருக்கு ஒருவர் அப்படி உண்டு. ஊரார் எப்படியோ சகித்துக்கொள்வார்கள். அல்மூட்டைச் சகிக்கத்தான் முதல் இரண்டு வருடம் யாருக்கும் மனம் வரவில்லை.

எல்லாம் அவளுடைய பிடிவாதத்தால் வந்தது. முந்நூறு வருடத்துக்கு முந்தைய பரோக் இசையைத் தவிர வேறு எதுவும் அவளுக்குத் தொண்டையில் இறங்காது. "இது ஆடப் பொறந்த பாட்டு. இதைப் போயி ஏன் வண்டி மாடு மாதிரி இழுக்கிறீங்க?" என்று ரொட்டிக்கடைக்காரியையும் தபால்காரரையும் பல் வைத்தியரையும் ஒரே மாதிரி உலுக்கி எடுப்பாள். குழுவில் இருபத்தெட்டுப் பேர். பாதிப் பேருக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. அவர்கள் முதலில் வரிகளைப் பேச வேண்டும், பேச்சில் தாளம் வந்த பிறகே பாட்டு. கச்சேரியில் அவள் கைகள் ஆர்கன் கட்டைகளிலும் கால்கள் மிதிகட்டைகளிலும் இருக்கும். ஆர்கனில் திருகி வைத்த பழைய மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் பாடகர்களைப் பார்த்துக்கொண்டு, மிச்சமிருந்த தாடையாலேயே அவர்களை நடத்துவாள். அந்தத் தாடைக்கு அவர்கள் பயந்தார்கள்.

சபை மன்றத் தலைவர் ட்ரவுட்ஃபெட்டர் மட்டும் பயப்படவில்லை. வாழ்நாள் முழுக்கக் கூரை வேய்ந்தவர், எதையும் மேலிருந்து பார்த்தே பழக்கம்.

"ஞாயித்துக்கிழமைக்கு நாலு பாட்டு வாசிச்சாப் போதும், ரீடெல் அம்மா. இந்தக் கச்சேரி எல்லாம் யாருக்கு?"

கடைசியில் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். எண்பதாம் ஆண்டு டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, மாலை நாலு மணிக் கச்சேரி. நன்றாக வந்தால் குழு இருக்கும். சொதப்பினால் திங்கட்கிழமை மன்றம் கூடிக் குழுவைக் கலைத்துவிடும்.

அந்த வாரம் பார்த்துக் கோயில் கணப்புக்கு நிலக்கரி வரவில்லை. ஞாயிறு மதியம் கோயிலுக்குள் தண்ணீர் உறைந்து கிடந்தது. நகரத்திலிருந்து ஓபோ வாசிக்க வந்திருந்த இருவரில் மூத்தவர் கைபெல். ஓபோவும் நம் நாதசுரம் போலச் சீவாளி வைத்து ஊதும் குழல்தான். அவர் ஒரு சுரம் ஊதினார், அல்மூட் அதே சுரத்தை ஆர்கனில் தொட்டாள். கேட்ட எல்லோருக்கும் பல் கூசியது.

"குளிர்ல குழாயெல்லாம் சுருதி இறங்கிடுச்சு. நீங்க இறங்கி வர முடியாதா?" என்றாள்.

"சீவாளிய இதுக்கு மேல வெளிய இழுத்தா அது என் சட்டைப்பைக்குத்தான் வரும். பாதி தூரம் நான் வரேன். மீதிய உங்க ஆர்கன் ஏறி வரட்டும்."

ஆர்கனை நிறுத்தினால் பாடகர்களுக்குப் பிடிமானம் இல்லை. ஓபோவை நிறுத்தினால் பாதிப் பாட்டு இல்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்த அல்மூட் மேலே பார்த்தாள். சுவரைச் சுற்றி இரண்டு அடுக்கு மாடங்கள், மேல் அடுக்கில் ஆர்கன். அங்கே யாரும் உட்காருவதில்லை, எல்லோருக்கும் கீழேதான் பிடிக்கும். ஆனால் சூடு மேலேதானே போகும்.

மூன்று மணிக்கே மணி அடிக்கச் சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றாள். வந்தவர்களை எல்லாம் மாடத்துக்கு விரட்டினாள்.

"எனக்கு முழங்கால் வலி," என்றார் ட்ரவுட்ஃபெட்டர்.

"மேல் மாடம். ஆர்கனுக்குப் பக்கத்துலயே உக்காருங்க."

"எதுக்கு?"

"நீங்க விடற மூச்சு எனக்கு வேணும்."

அவர் முனகிக்கொண்டே ஏறினார். கச்சேரி கேட்க வந்த அறுநூறு பேரையும் எழுப்பி நிற்க வைத்துப் பாடச் சொன்னாள். ஊருக்கே மனப்பாடமான அட்வென்ட் பாட்டுகள், ஒன்று விடாமல். நாலாவது பாட்டு முடிந்ததும் கைபெல் ஊதிப் பார்த்துத் தலையை ஆட்டினார், இல்லை. ஏழாவதில் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார், வந்துகொண்டிருக்கிறது. ஜனங்கள் கழுத்துத் துணியை அவிழ்க்கத் தொடங்கினார்கள். பதினோராவது பாட்டுக்குப் பிறகு ஓபோ ஒலித்தது, ஆர்கன் சேர்ந்தது. எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. கைபெல் வாயிலிருந்து குழலை எடுக்காமலே சிரித்தார்.

அப்போது மணி நாலரை. அடுத்த ஒன்றரை மணி நேரம் அந்த இருபத்தெட்டுப் பேரும் பாடியதை லிண்டன்ராடாவில் இன்றும் சொல்வார்கள். தபால்காரர் அன்றுதான் முதல் முறையாகச் சரியான இடத்தில் சேர்ந்தார். இழுவை இல்லை, பயமும் இல்லை, பாட்டு தானாக ஆடியது. படிப்பு யாருக்கும் வரும். இக்கட்டில் மேலே பார்க்கத் தோன்றுவது எல்லோருக்கும் வராது.

கோயிலில் கைதட்டும் வழக்கம் இல்லை. முடிந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. வெகுநேரம் கழித்து ட்ரவுட்ஃபெட்டர் ஆர்கன் பக்கம் வந்து நின்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"என் மூச்சு போதுமா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சு," என்றாள் அல்மூட்.

"இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. நாளைக்கு மன்றத்துல உங்களுக்காகப் பேச வச்சிருக்கேன்."