இரு தரப்பிலும் முதல் பெயர்

அமைதிக்குப் பங்கம் விளைவிப்போர் மீதான வழக்கில் போலீசார் இப்படி எழுதியிருந்தார்கள்: 'மேற்படி மருதையன், தகப்பனார் பெயர் வேம்பு, தீவிரப் போக்குடையவர். ஆட்களைத் திரட்டுவதில் வல்லவர். இவரால் கிராமத்தின் அமைதி கெடும்.' அந்த வழக்கில் ஏ தரப்பு மிராசுதார்கள், பி தரப்பு விவசாயத் தொழிலாளிகள். இரண்டிலும் முதல் பெயர் மருதையனுடையது.

ஆட்களைத் திரட்டும் இந்த வல்லமை பற்றி அவர் மனைவி தங்கம்மாளிடம் யாரும் விசாரிக்கவில்லை. சாயங்காலம் ஆடுகளை ஓட்டி வரச் சொன்னால், அடுத்த வீட்டு ஆட்டைக் கொண்டுவந்து கட்டுகிற மனிதர் அவர்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, புது ஆட்சி வந்த மறு வருஷத்துக் குறுவை. கோட்டையில் ஆட்கள் மாறியிருந்தார்கள். வயலில் கொடிகள் கூடியிருந்தன. மருதையன் ராமசுப்பிரமணிய ஐயரின் நிலத்தில் மூன்று மா, அதாவது சுமார் ஒரு ஏக்கர், குத்தகைக்குப் பயிரிட்டார். மற்ற நாட்களில் கூலிக்கு அறுத்தார். ஆகவே மிராசுதார்களுக்கு அவர் கூலிக்காரர், தொழிலாளர் சங்கத்துக்கு அவர் நிலக்காரர். இரண்டு கூட்டத்துக்கும் போவார். மிராசுதார் கூட்டத்தில் எழுந்து, கேட்கிற கூலி நியாயந்தான் என்பார். தொழிலாளர் கூட்டத்தில் எழுந்து, ஐயருக்கும் இந்த வருஷம் உரச் செலவு அதிகம் என்பார். இரண்டும் உண்மை. சொன்ன இடங்கள்தான் தப்பு.

ஐயரின் வாய்க்காலோரத்துப் பெரிய வயல் விளைந்து தலை சாய்ந்து நின்றது. அறுக்க ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து வெளியாட்களை இறக்கினார் ஐயர். 'உள்ளூர்க்காரன் இருக்க வெளியாளா' என்று சங்கச் செயலாளர் இராஜாங்கம் வயலின் மேற்கு வரப்பில் சிவப்புக் கொடியை நட்டார். மறுநாள் கிழக்கு வரப்பில் மிராசுதார்களின் மஞ்சள் கொடி முளைத்தது. அருவாளோடு வந்தவர்கள் அருவாளோடு உட்கார்ந்தார்கள். கடல் பக்கம் மேகம் கட்டிக்கொண்டிருந்தது. குறுவை நெல் மழையில் சாய்ந்தால் வயலிலேயே முளைத்துவிடும். பிறகு ஐயருக்கு விளைச்சல் இல்லை, கூலிக்காரர் தெருவில் அடுப்பெரியாது.

மருதையன் ஐயர் வீட்டுக்குப் போனார்.

"சாமி, மேற்கால பாதிய நம்ம ஊரு ஜனம் அறுக்கட்டும். கிழக்கால பாதிய வந்தவங்க அறுக்கட்டும்."

ஐயர் வெற்றிலையை மென்றுகொண்டே வெகுநேரம் யோசித்தார். "நீ சொல்றது சரிதாம்ப்பா. ஆனா மொதல்ல அவா கொடிய எடுக்கட்டும்."

அங்கிருந்து இராஜாங்கத்திடம் போனார்.

"பாதி கெடைக்கும்னா சரிதாண்ணே," என்றார் இராஜாங்கம். "மொதல்ல அவரு கொடிய எடுக்கச் சொல்லுங்க."

"அவரும் அதையேதாம்ப்பா சொல்றாரு."

"பாத்தீங்களா, ஒங்க ஐயரு புத்திய!"

வெற்றி என்று மருதையன் நினைத்தார். பாதிப் பாதிக்கு இருவருமே சம்மதித்துவிட்டார்களே! மிச்சம் இருப்பது யார் முதலில் எடுப்பது என்கிற வெட்கம் மட்டுந்தான். அந்த வெட்கத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது என்று அவருக்குத் தோன்றியது. வாழ்க்கையில் அவருக்குத் தோன்றிய ஒரே துணிச்சலான யோசனை அது. தோன்றாமலே இருந்திருக்கலாம்.

விடிந்ததும் மேற்கு வரப்புக்குப் போய்ச் சிவப்பைப் பிடுங்கினார். கிழக்கு வரப்புக்குப் போய் மஞ்சளைப் பிடுங்கினார். இரண்டையும் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இனி அறுக்கலாம் என்று சொல்லத் திரும்பினார். மேற்கே நின்றவர்கள் பார்த்தது தங்கள் கொடியைப் பிடுங்கிய ஐயரின் குத்தகைக்காரனை. கிழக்கே நின்றவர்கள் பார்த்தது தங்கள் கொடியைத் திருடிய சங்கத்து ஆளை. கல் எந்தப் பக்கத்திலிருந்து முதலில் வந்தது என்று தெரியவில்லை. ஒரத்தநாட்டுக்காரர் ஒருவருக்கு மண்டை உடைந்தது. உள்ளூர்க் கூலிக்காரி காளியம்மாளுக்குக் கை முறிந்தது. மத்தியான பஸ்ஸில் வெளியாட்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டார்: "யோவ், ரெண்டு கொடியையும் ஏன்யா புடுங்குன?"

"ரெண்டு பேருமே மொதல்ல எடுக்க மாட்டேன்னாங்க. அதான் நானே எடுத்துட்டேங்க."

"நீ எந்தக் கட்சி?"

"நெல்லு உதிருதுங்க."

சட்டத்தில் ஏ தரப்பும் பி தரப்பும் உண்டு. மூன்றாவது தரப்புக்கு இடம் இல்லை. ஐயரின் புகாரிலும் முதல் பெயர் மருதையன், இராஜாங்கத்தின் புகாரிலும் முதல் பெயர் மருதையன். ஊரே ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் என்பதால் போலீசார் அதை மாற்றவில்லை. சொந்த ஜாமீனில் வெளியே விட்டார்கள். வயலில் ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்று தண்டோரா போட்டார்கள்.

ஐந்து பேரை வைத்து அந்த வயலை அறுக்க முடியாது. ஐந்து பேர் வருவதாகவும் இல்லை. மருதையன் அருவாளை எடுத்தார்.

தங்கம்மாள் வாசலை மறித்தாள். "யாருக்காக அறுக்கப் போறீங்க? ஐயருக்கா, சங்கத்துக்கா?"

"அறுத்தப்புறம் பாத்துக்கலாம்."

"அறுத்தப்புறம் ரெண்டு பேரும் வந்து ஒங்களப் பாத்துக்குவாங்க."

மேற்கு வரப்பில் இராஜாங்கத்தின் ஆட்கள் நின்றார்கள். கிழக்கு வரப்பில் ஐயரின் காரியஸ்தர் குடையோடு நின்றார். யாரும் தடுக்கவில்லை, யாரும் இறங்கவும் இல்லை. "கூலி வாங்கிட்டுத்தானே அறுக்கிற?" என்று மேற்கிலிருந்து ஒரு குரல் வந்தது. "சங்கம் அனுப்பிச்ச ஆளா?" என்று காரியஸ்தர் கேட்டார். மருதையன் குனிந்த தலை நிமிராமல் அறுத்தார்.

மத்தியானம் மழை பிடித்தது; ஒரு வாரம் விடவில்லை. மீதி வயல் முழுக்கச் சாய்ந்து, தண்ணீருக்குள் பச்சையாக முளைவிட்டது. தெருவில் பாதிப்பேர் வேலை தேடி வெளியூர் போனார்கள். ஐயர் வயலைத் தரிசாகப் போட்டுவிட்டு மகன் வீட்டுக்குப் பட்டணம் போனார். மருதையன் அறுத்ததை ஐயர் வீட்டிலும் வாங்கவில்லை, தெருவிலும் வாங்கவில்லை. வழக்கு இரண்டு வருஷம் நடந்து, யாருக்கும் நினைவில்லாமல் தள்ளுபடியானது.

அந்தக் குறுவையில் மருதையன் தன்னந்தனியாகக் கால் மா நெல்லை அறுத்து, கட்டாகக் கட்டி, தண்ணீர் ஏறாத மேட்டில் கொண்டுபோய் வைத்தார்.