கப்பலில் பாப்பாவுக்கு ஓர் இடம்

கோவில்பட்டியில் எங்கள் ஹார்டுவேர் கடையில் அந்த வருஷம் பெயிண்ட் நன்றாக ஓடியது. கரிசல் காட்டில் மழை தப்பாமல் பெய்து, உளுந்தும் பருத்தியும் கைக்கு வந்த வருஷம் அது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வீடுகளில்கூட ரோஸ் கலரும் பச்சைக் கலரும் கேட்டார்கள். அதன் பலன் எங்களுக்கும் வந்தது. பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் நன்றாக விற்ற டீலர்களைக் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு அழைத்துப்போய், அங்கிருந்து சொகுசுக் கப்பலில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவதாக அறிவித்தார்கள்.

மத்தியானம் சாப்பிட வந்த என் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றார்.

“ஏட்டி, கப்பல்ல போறோம்ட்டி.”

“பாப்பாவும்தான?”

“பின்ன? அவ இல்லாம எங்க போக?”

பாப்பாவுக்கு அப்போது எட்டு வயது. ஆட்டிசம் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். பேச்சு ஒன்றிரண்டு வார்த்தைகள்தான். சத்தம் ஆகாது. பஞ்சாலைச் சங்கு ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். கூட்டத்தில் யாராவது தொட்டால் தரையில் படுத்துவிடுவாள். ஆனால் தண்ணீர் என்றால் உயிர். வாளியில் விழுகிற குழாய்த் தண்ணீரை ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பார்ப்பாள். தண்ணீரிலேயே மிதக்கிற ஒரு வீட்டில் அவள் எப்படி இருப்பாள் என்று நினைத்தபோதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் டூரை நடத்துகிற மேனேஜர் சென்னையிலிருந்து போன் செய்தார். கப்பலில் பிள்ளைகளுக்கென்று தனி கிளப் இருக்கிறது, பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு நீங்கள் ஜாலியாக இருக்கலாம் என்றார். என் கணவர் பாப்பாவைப் பற்றிச் சொன்னதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. குழந்தையைச் சொந்தக்காரங்க வீட்ல விட்டுட்டு வந்தா உங்களுக்கும் நிம்மதி, எல்லாருக்கும் நிம்மதி.”

கடம்பூரில் இருந்த என் நாத்தனாரும் அதையேதான் சொன்னாள். “எங்க வீட்ல விடுங்க மதினி, நான் பாத்துக்கிடுதேன்.” அவள் பிரியத்தில் சொன்னாள். மேனேஜர் வேலைக் கவலையில் சொன்னார். என் கணவர் இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். “அப்ப நாங்களும் வரலை.”

கோபமே இல்லாமல், ஆணி எடை போடுகிற குரலில் அவர் சொன்ன விதம் மேனேஜரை என்னவோ செய்திருக்க வேண்டும். அன்று சாயங்காலமே மறுபடி கூப்பிட்டு, பிள்ளைகள் கிளப்பின் ஈமெயில் முகவரியைக் கொடுத்தார். “நீங்களே கேட்டுப் பாருங்க மேடம். அவங்க சரின்னா எனக்கும் சரி.”

நான் பி.எஸ்ஸி. படித்தவள். இங்கிலீஷ் வாசித்தால் புரியும், எழுதத்தான் வராது. எங்கள் தெரு முனையில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. புதியம்புத்தூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒரு பெண் அதை நடத்தினாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். அவளுக்குத் தெரியாத வார்த்தை எனக்கும் தெரியாது. இரண்டு பேருமாக ஏதோ ஒன்றை எழுதி அனுப்பினோம்.

முதலில் வந்த பதில் எல்லாருக்கும் அனுப்புகிற பதில். அடுத்தது அப்படியில்லை. கிளப்பின் பொறுப்பாளர், பிலிப்பைன்ஸ்காரப் பெண், தானே எழுதியிருந்தார். பாப்பாவுக்கு என்ன பிடிக்கும்? எதற்குப் பயப்படுவாள்? வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வாள்? பாத்ரூம் போக வேண்டுமென்றால் எப்படித் தெரிந்துகொள்வது? அழுதால் பக்கத்தில் ஆள் வேண்டுமா, தனியாக விட வேண்டுமா?

அந்தக் கேள்விகளை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். அதுவரை எங்களிடம் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள்: எப்ப சரியாகும்? அவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒருவர் கேட்டு, அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு இடம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து சொன்னேன். பிரவுசிங் சென்டர்ப் பெண் தட்டிக்கொண்டே, “அக்கா, பாப்பா இம்புட்டு செய்வாளா? எனக்கே தெரியாம போச்சே” என்றாள்.

அடுத்த பதிலில் எல்லா ஏற்பாடும் இருந்தது. மற்றப் பிள்ளைகள் வருவதற்கு முன்பு பாப்பாவை மட்டும் அழைத்துப்போய் அறையைக் காட்டுவார்கள். ஒரு மூலையில் திரை கட்டி அமைதியான இடம் ஒதுக்குவார்கள். அம்மாவோ அப்பாவோ கூடவே இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று: சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் கிளப்புக்குள் நிலக்கடலை கொண்டுவரக் கூடாது.

பிரவுசிங் சென்டர்ப் பெண் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். “கோவில்பட்டிக்காரங்ககிட்ட வந்து கடலை கொண்டாரக் கூடாதுன்னு சொல்லுதாக பாருங்கக்கா!”

வேண்டும், வேண்டாம் என்பதைப் பாப்பா எப்படிச் சொல்வாள் என்ற கேள்விக்கு எங்களிடம் ஒரு விடை இருந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார்கள். அங்கே மிஞ்சுகிற லேபிள்கள் பாப்பாவுக்கு வந்து சேரும். அவற்றைத் தரையில் வரிசையாக அடுக்குவாள். ஒருநாள் குடம் படம் போட்ட லேபிளை எடுத்து என் கையில் திணித்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். அதிலிருந்து அது எங்கள் வீட்டுப் பாஷை ஆகிவிட்டது. மணி என்றால் சத்தம் ஜாஸ்தி. ஒட்டகம் என்றால் போதும். மான் என்றால் பாத்ரூம். ஏன் மான் என்று அவளுக்குத்தான் வெளிச்சம். லேபிள்களை அட்டையில் ஒட்டி, ஸ்கேன் செய்து, அர்த்தத்தோடு அனுப்பினோம். “மான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது” என்று பதில் வந்தது.

ஆனால் ஒன்றை மட்டும் அவர்களால் விலக்கித் தர முடியவில்லை. கப்பல் கிளம்புமுன் அபாயச் சங்கு ஊதி, எல்லாரையும் லைஃப் ஜாக்கெட்டோடு நிற்க வைத்து ஒத்திகை பார்ப்பார்களாம். அது எல்லாருக்கும் கட்டாயம். ஒதுக்குப்புறமாக நிற்க இடம் தருகிறோம், காதுக்கு ஏதாவது போட்டுப் பழக்குங்கள் என்றார்கள்.

கடையில் கிரைண்டிங் மெஷின் ஓட்டுகிறவர்களுக்கான காதுக் கவசம் விற்றோம். என் கணவர் அதில் சின்னதாக ஒன்றைக் கொண்டுவந்து, வளைவை நெருக்கி, கைக்குழந்தைக்குத் தொட்டில் கட்டுகிற பதத்தில் மெத்தென்று துணி சுற்றினார். பழைய சாக்கில் தெர்மாகோல் வைத்து லைஃப் ஜாக்கெட் மாதிரி ஒரு சட்டை தைத்து, அதற்கு ஆரஞ்சுப் பெயிண்டும் அடித்தார். பஞ்சாலைச் சங்கு ஊதுகிற நேரம் பார்த்து மூன்று பேரும் மொட்டை மாடியில் நிற்போம். எதிர்வீட்டு அண்ணாச்சி ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

“என்ன தம்பி, நம்ம ஊருக்கு வெள்ளம் வருதுன்னு ரேடியோவுல சொன்னானா?”

“இல்ல அண்ணாச்சி, கப்பல் ஏற ஒத்திகை.”

“குடிக்கத் தண்ணி வரலை, மிதக்கச் சட்டை தச்சாச்சு. நல்லாருக்குடே!”

முதலில் பாப்பா அந்தச் சட்டையைப் பிய்த்து எறிந்தாள். பிறகு கழற்ற மாட்டேன் என்றாள். பலசரக்குக் கடைக்கும் அதைப் போட்டுக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் ஆரஞ்சுப் பெயிண்ட் உதிர்ந்தது.

சிங்கப்பூரில் கப்பலைப் பார்த்ததும் அண்ணாந்துகொண்டே நடந்தாள். ஒத்திகையின்போது சங்கு ஊதியது. கவசத்தை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, மாடியில் நின்ற மாதிரியே நின்றாள். என் கணவர் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி பெருமூச்சு விட்டார். எல்லாம் முடிந்தது என்று நானும் கவசத்தைக் கழற்றினேன். அறைக்குத் திரும்பும் வழியில், கப்பல் புறப்படுவதற்கான ஊதல் கிளம்பியது. நெஞ்சுக்குள் இருந்து ஊதுகிற மாதிரி நீளமான சத்தம். அதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை.

பாப்பா நடைபாதைக் கம்பளத்தில் குப்புற விழுந்து அலறினாள். பெட்டி தள்ளிக்கொண்டு வந்தவர்கள் நின்றார்கள். எங்கள் டூர் மேனேஜரும் வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் கைகளைப் பிசைந்தார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொட முடியாது, தொட்டால் அழுகை கூடும்.

அப்போது வெள்ளைச் சட்டை போட்ட குட்டையான பெண் ஒருவர் விறுவிறுவென்று வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாப்பாவுக்கு அந்தப் பக்கம், ஒரு முழம் தள்ளி, அவரும் கம்பளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டார். எங்களுக்கு ஈமெயில் எழுதியவர் அவர்தான் என்று எனக்குப் புரிந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துத் தரையில் வைத்தார். நாங்கள் அனுப்பியதை அச்செடுத்த மணி. “ஆமாம், சத்தம் ஜாஸ்தி” என்று இங்கிலீஷில் மெல்லச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து ஒட்டகத்தை வைத்தார்.

அழுகை நிற்க நேரமாயிற்று. நின்றதும் பாப்பா கையை நீட்டி அட்டைகளை நேராக அடுக்கினாள். பிறகு எழுந்து, அந்தப் பெண்ணின் சட்டைப் பையில் வேறென்ன இருக்கிறது என்று விரலை விட்டுப் பார்த்தாள். மான் வந்தது. உடனே மூன்று பேரும் பாத்ரூமைத் தேடி ஓடினோம்.

மறுநாள் காலை, சொன்னபடியே மற்றப் பிள்ளைகள் வருமுன் எங்களை அழைத்துப்போனார்கள். கிளப்பில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி, அதில் சின்னச் சின்னச் சக்கரங்கள். பாப்பா அதன் முன் உட்கார்ந்தவள்தான். பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். ஒரு சீனப் பையன் அட்டைகளைப் பார்த்து ஒட்டகத்தைத் தூக்கிக் காட்டினான். பாப்பா சக்கரத்தை நிறுத்தினாள். குடத்தைக் காட்டினான். தண்ணீர் ஊற்றினாள். அவ்வளவுதான், அறையிலிருந்த பிள்ளைகளுக்கெல்லாம் அதுவே விளையாட்டாகிவிட்டது. கோவில்பட்டி தீப்பெட்டி லேபிளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நடுவில் என் மகள் அதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நான் அவள் பின்னால் ஸ்டூலில் இருந்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் முழங்காலில் கைவைத்துத் தள்ளினாள்.

“அம்மா போ.”

இரண்டு வார்த்தையைச் சேர்த்து அவள் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. பொறுப்பாளர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். தமிழ் தெரியாவிட்டாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. கூட இருக்க வேண்டும் என்பதுதானே ஏற்பாடு என்று கேட்டேன். “ஏற்பாட்டை அவள் மாற்றிவிட்டாள்” என்று சொல்லி, தேவைப்பட்டால் கூப்பிட ஒரு சின்னக் கருவியை என் கையில் கொடுத்தார்.

மேல்தளத்தில் என் கணவர் தனியாக நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறினார்.

“பாப்பா எங்க?”

“என்னைப் போகச் சொல்லிட்டா.”

“யாரு? நம்ம பாப்பாவா? வாயால சொன்னாளா?”

“அம்மா போன்னு சொன்னா.”

அவர் அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்தோம். என்ன செய்வதென்று தெரியவில்லை. எட்டு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சும்மா உட்கார்ந்ததே இல்லை. “பேசுட்டி ஏதாவது” என்றார். “நீங்க பேசுங்க” என்றேன். ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். காற்றில் அது என் சேலையில் வழிந்தது. ஏனென்று தெரியாமல் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். கையில் இருந்த கருவி ஒருமுறைகூட ஒலிக்கவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் பிள்ளைகள் நிகழ்ச்சி. எல்லாரும் மீன் வேஷம். பாப்பா காதுக் கவசத்தின் மேலேயே நீலச் செதில் ஒட்டிக்கொண்டு வந்தாள். ஆட்டம் தொடங்கியதும் மற்ற மீன்கள் இடமும் வலமும் நீந்த, அவள் நடுவில் நின்று கையை விரித்துச் சுற்றினாள். நிற்காமல் சுற்றினாள். முகமெல்லாம் சிரிப்பு. முடிவில் பொறுப்பாளர் மைக்கைப் பிடித்து, இன்று யாரும் கைதட்ட வேண்டாம், கையை மேலே தூக்கி அசைத்தால் போதும் என்றார்.

அந்தப் பெரிய அரங்கம் முழுக்கக் கைகள் எழுந்தன. ஒரு சத்தம் இல்லை. காற்றில் கதிர் ஆடுகிற மாதிரி ஆடின. பாப்பா சுற்றுவதை நிறுத்திப் பார்த்தாள். பிறகு தானும் இரண்டு கையையும் தூக்கி அசைத்தாள். என் கணவர் எழுந்து நின்று அசைத்தார். கண்ணைத் துடைக்கக்கூட அவர் கையை இறக்கவில்லை.

மறுநாள் இறங்க வேண்டும். அவள் இறங்க மாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒட்டகத்தைக் காட்டினேன், வாங்கித் தூர எறிந்தாள். பின்னால் டீலர் குடும்பங்களெல்லாம் பெட்டிகளோடு நின்றார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. டூர் மேனேஜர் முன்னால் வந்தார். திட்டப் போகிறாரோ என்று நினைத்தேன். அவர் தன் நல்ல பேண்ட்டோடு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “எனக்கும் இறங்க மனசில்லம்மா” என்றார்.

பிறகு யாரையும் தொடவிடாத பாப்பா தானாக அவர் சுண்டுவிரலைப் பிடித்து எழுந்தாள். இறங்கு பாலம் முழுக்க அந்த விரலை அவர் அசைக்கவே இல்லை. மற்றொரு கையில் பெட்டி. மூக்குக் கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சரிசெய்யாமல், எதிரில் படி இருக்கிறதா என்று தலையை மட்டும் சாய்த்துப் பார்த்தபடி, முகம் நிறையச் சிரிப்போடு அவர் நடந்தார்.