சின்னதுரை செத்து விழுந்த ஞாயிறு

இன்று பள்ளிக்கூட நாடகத்துக்காக மகள் முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டபோது எழுந்த வாசனை, என்னை இலங்கையின் அப்புத்தளைத் தேயிலைத் தோட்டத்தில் இப்போது இடிந்துபோய்விட்ட எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலுக்கே கொண்டுபோய்விட்டது. அங்கே பெரிய துரைக்கு உதவியாகச் சின்னதுரை வேலையில் இருந்தவர் சீமையில் நாடகம் நடித்து, பெயர் கிடைக்காமல் தேயிலைக்கு வந்த வெள்ளைக்கார இளைஞர். ஞாயிறுதோறும் மஞ்சு விலகியதும், முகம் நிறையப் பவுடரும் தோளில் சிவப்புக் கம்பளியுமாக வந்து, சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு ராஜா வேஷம் கட்டிக் காட்டுவார். அவர் பேசும் இங்கிலீஷ் வசனத்தில் ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் கை வலிக்கத் தட்டுவோம்.

ஒருநாள் ராஜா வாள்பட்டுச் சரிந்தார். அசையவே இல்லை. கொழுந்து பறிக்கிற என் அம்மா சொம்போடு ஓடி, "ஐயோ தொரை, கண்ணைத் தொறங்க!" என்று முகத்தில் தண்ணீரை அடித்தாள்.

பவுடர் வழிய எழுந்து உட்கார்ந்தவர், "நெசமாவே நம்பிட்டீங்களா?" என்று எங்கள் தமிழிலேயே கேட்டார்.

"எனக்கு உசுரே போயிடுச்சுங்க தொரை."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து லயமே சிரித்தது.

அடுத்த மாதமே வேலையை விட்டு, மறுபடி நடிக்கவென்று சீமைக்குக் கிளம்பிவிட்டார். ரயிலடியில் அம்மாவைக் கும்பிட்டு, "இனிமே மேடையில சாகும்போதெல்லாம் ஒங்கள நெனச்சுக்குவேன்" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ரயில் வளைவில் மறையும்வரை சிரித்தாள்.