வந்த வழியை அடைத்தவர்

அத்தானுக்கு நெட்வொர்க் வேலை. அதாவது, பாதி வாழ்க்கையைப் பேருந்தில் கழிக்கும் வேலை. ஊருக்கு வெளியே இருக்கும் மருந்துக் குளிர்கிடங்கில், கருவிகளை இணையத்தோடு இணைக்கும் ஸ்விட்ச் மக்கர் செய்யும்போதெல்லாம் ஓடுவார். அதை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டுவிட்டு அலுத்துப்போய்த் திரும்புவார். இதற்கு ஒரு படிப்பு!

கடைசியில் முதலாளியை நச்சரித்து, தூரத்திலிருந்தே கண்காணிக்கக்கூடிய ஸ்விட்ச் ஒன்றை வாங்கவைத்தார். அதை மாட்டும் நாளில்தான் மகளுக்குப் பள்ளி நாடகம். மேகமாக வருகிறாள், ஒரே ஒரு வசனம்.

"இதை மாட்டிட்டா அப்புறம் வீட்லேருந்தே பாத்துக்கலாம். சாயங்காலம் முன் வரிசையில இருப்பேன், பாரு" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

வேலை நன்றாகத்தான் முடிந்தது. கடவுச்சொல்லை மாற்றினார், கோளாறு வந்தால் கைபேசிக்குத் தகவல் வரும்படி செய்தார். வெளியிலிருந்து இணையம் வரும் ஒயர், அதைச் செருகும் கடைசி போர்ட்டில் ஆடியதால் அதை முதல் போர்ட்டுக்கு மாற்றினார். பெட்டியைப் பூட்டிவிட்டுப் பேருந்து ஏறினார்.

வழியில் லேப்டாப்பைத் திறந்தால் எல்லாம் பச்சை. மனிதர் அதோடு சும்மா இருந்திருக்கலாம். காலியான போர்ட்டுகளை மூடிவைப்பது நல்லதென்று, தூக்கக் கலக்கத்தில், ஒயர் இன்னும் கடைசியில்தான் இருக்கிறதென்ற பழைய நினைப்பில் முதல் போர்ட்டையும் சேர்த்து மூடிவிட்டார். திரை அப்படியே நின்றது. தான் உள்ளே போன வழியைத் தானே அடைத்திருந்தார்.

காவலாளிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, முதல்ல இருக்கிற ஒயரைக் கழட்டிக் கடைசியில மாட்டுங்க, போதும்."

"பெட்டி பூட்டியிருக்கே தம்பி. சாவி உங்ககிட்டதானே?"

சாவி சட்டைப் பையில் இருந்தது. கிடங்கின் குளிர் குறைந்தாலும் இனி யாருக்கும் தகவல் போகாது; அத்தனையும் ஊசி மருந்து. இறங்கி எதிர்ப்பக்கம் வந்த பேருந்தில் ஏறினார்.

முன் வரிசையில் காலி நாற்காலிமேல் என் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் அவர்மேல் கோபம் வந்தது, பிறகு பாவமாக இருந்தது. அக்கா அவரை வீடியோ காலில் அழைத்து, கைபேசியை மேடைப் பக்கம் தூக்கிப் பிடித்தாள். திறந்த பெட்டிக்கு முன்னால் நின்றபடி அத்தான் நாடகம் பார்த்தார்.

முடிந்ததும் பஞ்சு ஒட்டிய கையால் குழந்தை போனைப் பிடுங்கினாள்.

"அப்பா, நான் தெரிஞ்சேனா?"

"நல்லாத் தெரிஞ்சே கண்ணு. வசனம்கூடத் தெளிவாக் கேட்டுச்சு."

"நான் அங்கேருந்து உங்களத் தேடிட்டே இருந்தேன். நீங்கதான் தெரியவே இல்ல."