இயற்பியலுக்கு ஓர் ஆள் குறைகிறது

தாக் சுன்-ஓக் டீச்சருக்கு ஐம்பத்திரண்டு வயது. சிப்பி உடைக்கும் கொட்டகைகளை நம்பிப் பிழைக்கும் ஒரு கொரியக் கடலோரச் சிற்றூரின் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறார். ஒன்பது வருடமாகப் பாடத் தேர்வுப் பொறுப்பும் அவர் தலையில்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "டீச்சருக்குப் பாடப் பட்டியல்தான் புருஷன்" என்று பிள்ளைகள் கேலி பேசுவது காதில் விழும், சிரித்துக்கொள்வார்.

இலையுதிர் காலம் வந்தால் பதினாறு வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக அவர் எதிரே உட்காருவார்கள். அடுத்த வருடம் எந்தப் பாடம் எடுப்பது? எது பிடிக்கிறதோ அதை எடு என்று சொல்லத்தான் அவருக்கு ஆசை. சொல்ல முடிவதில்லை. அந்தப் பாடத்தை எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று முதலில் எண்ண வேண்டியிருக்கிறது.

ஒரு பாடத்தில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் முதல் தரம். கடைசி, ஒன்பதாம் தரம். தலைநகரில் முந்நூறு பேர் படிக்கும் பள்ளியில் பன்னிரண்டு பேர் முதல் தரம் வாங்குவார்கள். இங்கே மொத்தமே பன்னிரண்டு பேர் படித்தால் ஒருவருக்கும் கிடையாது, ஏனென்றால் கணக்குப்படி அரை ஆள்கூடத் தேறவில்லை. பதின்மூன்று பேர் இருந்தால் அரையைத் தாண்டும், ஒருவருக்குக் கிடைக்கும். வானத்திலிருந்து விழுந்த விதியல்ல இது. கூட்டல் கழித்தல் தெரிந்த மனிதர்கள் மேசையில் உட்கார்ந்து எழுதியது. எழுதியவர்கள் யாரும் தங்கள் பிள்ளையைச் சிப்பி ஊரில் படிக்க வைக்கவில்லை.

அந்த வருடம் இயற்பியலுக்குப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி சே-ரம், படகு எஞ்சின் பழுது பார்ப்பவரின் மகள். கண்ணை மூடிக்கொண்டே கார்புரேட்டரைக் கழற்றி மாட்டுவாள். இயந்திரப் பொறியியல் படிக்க வேண்டும் அவளுக்கு. அந்தத் துறைக்காரர்கள் முதலில் பார்ப்பது இயற்பியல் தரத்தை. வகுப்பில் ஒரே ஒருவருக்கு முதல் தரம் என்றால் அது அவளுக்குத்தான். மற்றப் பதினோரு பேருக்கும் அது தெரியும்.

ஓர் ஆள் வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு வரிசையில் நின்ற தொக்-பே என்ற பையனை டீச்சர் பிடித்தார்.

"என்னடா எடுத்திருக்க?"

"புவி அறிவியல், டீச்சர். கல்லு, மேகம். எனக்குப் புரியறது அது ஒண்ணுதான்."

"இயற்பியலை யோசிச்சுப் பாத்தியா?"

பின்னால் நின்றவன் வெடித்துச் சிரித்தான். "இவனா? இவன் பேனாவை எடுத்தா கேள்வித்தாளே அழுதுடும் டீச்சர்!"

தொக்-பே சிரிக்கவில்லை. "பதின்மூணாவது ஆள் வேணுமா? சே-ரமுக்காகவா?" சூப்பைத் தட்டின் குழியில் வாங்கிக்கொண்டே சொன்னான்: "சரி விடுங்க. கடைசித் தரம்தானே? யாராவது அடியில பாயாக் கிடக்கணும். நான் கிடக்கறேன்."

அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். டீச்சர் படிவத்தை நீட்டினார்.

மறுநாள் காலை படிவம் வந்தது, கையெழுத்துக்குப் பதிலாக அங்கே வைக்கும் அம்மாவின் முத்திரையோடு. அலமாரி இழுப்பறையிலிருந்து மரமுத்திரையை எடுத்து அவனே குத்தியிருந்தான். அது டீச்சருக்குத் தெரிந்தது மத்தியானம், அவன் அம்மா ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றபோது.

"தொக்-பே அம்மா, உக்காருங்க."

"உக்கார நேரமில்ல டீச்சரம்மா. சிப்பி மலையாக் குவிஞ்சு கெடக்கு. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். புவி அறிவியல்ல இவனுக்கு அஞ்சாம் தரம் வரும், கடல்சார் கல்லூரிக்கு அது போதும்னு போன மாசம் சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்புறம்?"

டீச்சர் பட்டியலை எடுத்தார். சிவப்புப் பேனாவால் பதின்மூன்றாவது பெயரை அடித்தார். அந்த அம்மா வாசலில் திரும்பி நின்றாள். "அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவமில்ல. அவ அப்பாதான் எங்க படகையும் பாக்கறாரு. ஆனா எம்புள்ளை முதுகுல கால் வெச்சு ஏறச் சொல்லாதீங்க."

டீச்சர் கல்வி அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டார். "விதி நாட்டுக்கே ஒண்ணுதானே மேடம்" என்றது ஓர் இளங்குரல், மரியாதையாக. முந்நூறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒரே விதி என்பதற்குப் பெயர் சமத்துவம்.

பள்ளி விடும் நேரத்தில் சே-ரம் வந்தாள்.

"பன்னெண்டுதானா டீச்சர்?"

"பன்னெண்டுதான்."

"உயிரியல்ல?"

"நீ சேந்தா முப்பத்தொண்ணு. ஒருத்தருக்கு முதல் தரம் உண்டு. உனக்குப் பிடிக்குமாடி?"

"தவளையைப் பாத்தாலே குமட்டும்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று நின்றது.

"பொறியியல்காரங்க இயற்பியல் எங்கன்னு கேப்பாங்க, சே-ரம்."

"இயற்பியல்ல ரெண்டாம் தரம் இருந்தா, ஏன் ரெண்டுன்னு கேப்பாங்க. பன்னெண்டு பேர்தான் படிச்சோம்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது? என்னை மாத்திடுங்க, டீச்சர்."

மாற்றினார். படிவத்தின் அடியில், மாணவி தன் சொந்த விருப்பப்படி தேர்ந்தெடுத்தார் என்று அச்சிட்ட வரி. அதன் பக்கத்தில் ஆலோசகர் முத்திரை வைக்க வேண்டும். வைத்தார்.

மிச்சம் பதினோரு பேர். மறுநாள் அவர்களைக் கூப்பிட்டு, யாருக்கும் முதல் தரம் கிடையாது என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். மறைப்பது அதைவிடப் பெரிய அநியாயமாகப் பட்டது. சாயங்காலத்துக்குள் நான்கு பேர் விலகினார்கள். பத்துக்குக் குறைந்தால் அந்தப் பள்ளியில் வகுப்பே கிடையாது.

ஏழு பேர் இன்னும் காத்திருந்தார்கள். வேறு பாடம் எழுத டீச்சர் ஏழு புதுப் படிவங்களை எண்ணி எடுத்துக்கொண்டு அவர்கள் வகுப்பறைக்கு நடந்தார்.