கிகுயே கொடுத்த பவுடர்

என் தோழி கிகுயே முப்பது வயதுக்குப் பிறகு சாகும்வரை முகத்துக்குப் பவுடர் போட்டதில்லை. கல்யாண வீட்டுக்குக்கூட வெறும் முகத்தோடுதான் வருவாள்.

ஒசாகாவில் நாங்கள் இருவரும் ஒரே குழந்தைநல நிலையத்து நர்சுகள். சந்து சந்தாகப் போய்ப் பச்சைக் குழந்தைகளை எடை போடுவது எங்கள் வேலை. நான் வாயாடி, தாய்மார்களைத் திட்டிவிட்டு வருவேன். அவளுக்குத் திட்ட வராது. வேர்க்குரு வந்த பிள்ளையைக் கண்டால் தன் பையிலிருக்கும் முகப்பவுடரைக் கொடுத்துவிட்டு வருவாள்.

தோக்கியோ பூகம்பத்துக்கு மறுவருடம், ஃபுசா என்பவளின் தலைப்பிள்ளைக்கும் அப்படித்தான் கொடுத்தாள். கோடை முடிவதற்குள் பிள்ளை வெளுத்து, வாந்தியெடுத்து, வலிப்பு கண்டு செத்தது. மூளைக்காய்ச்சல் என்றார் டாக்டர். தாய்ப்பாலில் கோளாறு என்றாள் மாமியார்.

இரண்டு வருடம் கழித்து ஃபுசாவுக்குப் பெண் பிறந்தது. நாலு மாதமாகியும் எடை ஏறவில்லை. வெறும் கஞ்சித் தண்ணீர்தான் ஆகாரம்.

"ஏம்மா பால் குடுக்க மாட்டேங்கற?" என்று கேட்டாள் கிகுயே.

"என் பால் விஷம், நர்சம்மா."

அடுப்படியிலிருந்து மாமியார் குரல் வந்தது. "ஒண்ண முழுங்கினது பத்தலியாமா அவளுக்கு?"

அந்த வாரம்தான் நிலையத்துக்குச் சுற்றறிக்கை வந்தது. முகப்பவுடரில் ஈயம் இருக்கிறதாம். மூளைக்காய்ச்சல் என்று நாங்கள் எழுதிவந்ததில் பலவும் ஈய விஷம்தானாம். கிகுயே அதை இரண்டு முறை படித்தாள்.

"அந்தப் பவுடர் டப்பிய மட்டும் வாங்கிட்டு வந்துடு," என்றேன். "உண்மையச் சொன்னா அந்தச் சந்துல ஒரு கதவும் நமக்குத் தெறக்காது." இதைச் சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"சொல்லலேன்னா அவ பால் குடுக்க மாட்டாடி."

நானும் கூடப் போனேன். செத்த பிள்ளையின் பெயரை எழுதி வைத்துக் கும்பிடும் பலகைக்கு முன்னால் அந்த டப்பியை வைத்திருந்தார்கள், அவனுக்குப் பிடித்த வாசனை என்று. கிகுயே நெற்றி பாயில் படக் குனிந்தாள்.

"உன் பால்ல குத்தமில்ல, ஃபுசா. நான் குடுத்த பவுடர்லதான் ஈயம் இருந்துச்சு. அவனக் கொன்னது நான்."

ஃபுசா அழவுமில்லை, ஏசவுமில்லை.

"அப்ப என் பால் நல்ல பாலுதானா?"

கேட்டுக்கொண்டே பிள்ளையை எடுத்து மார்போடு அணைத்தாள். பிள்ளை சப்பியது, விட்டது, மறுபடி சப்பியது, பிறகு வீறிட்டது. பால் வற்றட்டும் என்று, பிள்ளை பிறந்த நாளிலிருந்தே துணியால் இறுக்கிக் கட்டிவைத்த மார்பு அது.

"வரல, நர்சம்மா," என்றாள் ஃபுசா.

கிகுயே தலையை நிமிர்த்தவே இல்லை.